சென்னையிலிருந்து புனித பூமிக்கு: முதல் முறை குழுவோடு போகிறவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அறிவிப்புப் பலகையில் அந்த வண்ணத்தாள் கண்ணில் படும்: எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான், பத்து நாள் புனிதப் பயணம். வேப்பேரி, பெரம்பூர், தாம்பரம் என்று எந்தப் பக்கத்துச் சபைக்குப் போனாலும் இப்படி ஒன்று ஒட்டியிருக்கும். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடங்கள்தான், விலையும் முன்னே பின்னே இருக்கும். ஆனால் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் கெத்செமனேயைப் பற்றிச் சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். இன்னொருவர், "பாதி நேரம் பஸ்ஸில்தான் இருந்தோம், எந்தக் கோயில் எதுன்னே ஞாபகம் இல்லை" என்பார். இருவரும் பார்த்தது அதே இடங்கள். முதலாமவரின் குழு ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து வசனம் வாசித்து ஜெபிக்க நேரம் வைத்திருந்தது. மற்றவரின் குழு பட்டியலில் உள்ள இடங்களை முடிப்பதிலேயே குறியாக இருந்தது. குழுவைத் தேர்ந்தெடுப்பது முதல் ஊர் திரும்புவது வரை இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

முதலில் அந்தப் பகுதியின் நிலவரம். 2023 அக்டோபரில் போர் தொடங்கியபின் பல மாதங்களுக்குப் புனிதப் பயணங்கள் நின்றுபோயின. 2025 ஜூனில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் சண்டை மூண்டபோது வான்வெளியே மூடப்பட்டது. அங்கே இருந்த இந்தியர்களில் பலர் ஜோர்டான், எகிப்து எல்லைகளைத் தரைவழியாகக் கடந்துதான் ஊர் வந்து சேர்ந்தார்கள். அதனால் முன்பணம் கட்டும் வாரத்திலும், கிளம்பும் வாரத்திலும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பாருங்கள். 'போக வேண்டாம்' என்று அதில் இருந்தால் போக வேண்டாம். "நம்ம ஏஜென்ட் எல்லாம் பார்த்துப்பாரு" என்று யார் சொன்னாலும் சரி. பயணம் ரத்தானால் எவ்வளவு பணம் திரும்ப வரும், எத்தனை நாளில் வரும், தேதியை மாற்றினால் கூடுதல் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. எழுதித் தரத் தயங்குகிற நிறுவனத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

காலத்தைப் பொறுத்தவரை மார்ச் முதல் மே தொடக்கம் வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையும் நல்லது. டிசம்பர், ஜனவரியில் எருசலேமில் மழையும் குளிரும் சேர்ந்து இருக்கும். மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டும் நமக்கு அது சுலபமில்லை. புனித வாரத்தில் போக ஆசைப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் அப்போது கூட்டம் அலைமோதும், ஓட்டல் விலையும் ஏறும். யூதர்களின் பஸ்கா, கூடாரப் பண்டிகைக் காலத்திலும் இதே கதைதான். யோம் கிப்பூர் எனும் பாவநிவாரண நாளில் இஸ்ரேலில் பஸ்கூட ஓடாது. அந்தத் தேதி உங்கள் பயணத்துக்குள் வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

எந்தக் குழு

விளம்பரத்தாளை விட்டுவிட்டு நாள்வாரியான பயணத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் இடங்களின் எண்ணிக்கையை எண்ண வேண்டாம். எந்த ஊரில் எத்தனை இரவு என்று பாருங்கள். கலிலேயா பக்கம் 2 இரவு, எருசலேம் அல்லது பெத்லகேமில் 3 இரவு இருந்தால் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஒரே நாளில் நாசரேத், கானா, தாபோர் மலை, கப்பர்நகூம், படகுப் பயணம் எல்லாம் போட்டிருந்தால் எந்த இடத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கப் போவதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

எகிப்தையும் சேர்த்தால் கெய்ரோவிலிருந்து சீனாய்க்குப் போவதிலேயே ஒரு பகல் கரைந்துவிடும், அங்கிருந்து எல்லைக்கு இன்னொரு நீண்ட ஓட்டம். கால்வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால், எகிப்தை விட்டுவிட்டு ஜோர்டானும் இஸ்ரேலும் மட்டும் உள்ள பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நாடு பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போகலாம். அம்மாவுக்கு எருசலேமில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்குமே, அதுதான் முக்கியம்.

அடுத்த கேள்வி, குழுவை நடத்துவது யார். உள்ளூர் வழிகாட்டி ஆங்கிலத்தில்தான் பேசுவார். அதைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும், அவர் வேதாகமத்தை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். ஆட்களைச் சேர்த்துத் தரும் போதகருக்கு இலவச இடம் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதில் தவறில்லை. அவர் இதற்கு முன்பு போயிருக்கிறாரா, ஒவ்வோர் இடத்திலும் வசனம் வாசித்துச் சொல்லித் தருவாரா என்று மட்டும் கேளுங்கள். கத்தோலிக்கர்களுக்குத் தினமும் திருப்பலி வேண்டும். அதற்கு அந்தந்தத் தலத்தில் முன்பே நேரம் பதிவு செய்ய வேண்டும், ஒரு குருவும் உடன் வர வேண்டும். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே குழுக்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் திருவிருந்து, கலிலேயாக் கடலில் ஆராதனை, யோர்தானில் ஞானஸ்நானம் என்று எதிர்பார்ப்பு வேறு. நண்பர் கூப்பிட்டார் என்று வேறு மரபுக் குழுவில் சேர்ந்துவிட்டு, பயணம் முழுக்க மனக்குறையோடு சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஓட்டல் எந்த ஊரில் என்பதும் முக்கியம். எருசலேமைவிட பெத்லகேமில் வாடகை குறைவு, அதனால் பல குழுக்கள் அங்கே தங்கும். தங்கலாம், நல்ல ஊர்தான். ஆனால் பெத்லகேம் பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது, எருசலேமுக்குப் போக ஒவ்வொரு நாளும் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். சில நாட்களில் ஐந்து நிமிடம், சில நாட்களில் வெகுநேரம். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட், விசா

ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும், காலிப் பக்கங்களும் வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய சேவை மையங்களில் ஒன்றுக்குப் போகலாம். போலீஸ் விசாரணைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். பயணத் தேதிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே கையில் இருந்தால் நிம்மதி.

நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலோடு வாழ்கிறவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் சில நாடுகளும் விமான நிறுவனங்களும் ஒற்றைப் பெயரை ஏற்பதில்லை. அப்பா பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்து எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயர் இருக்க வேண்டும். சபையில் எல்லோரும் கூப்பிடும் ஞானஸ்நானப் பெயரை ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை (ECR) என்ற குறிப்பு இருக்கலாம். அந்தக் குறிப்பு பொருந்தும் நாடுகளின் பட்டியலில் ஜோர்டானும் உண்டு. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, அதனால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது குறிப்பை எடுத்துவிடலாம். மற்றவர்கள் ஏஜென்ட்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விசாவை ஏஜென்ட்தான் குழுவாக வாங்கித் தருவார். தமிழ்நாட்டுக்கான இஸ்ரேல் துணைத் தூதரகம் பெங்களூரில் இருக்கிறது. தனியாக வரும் இளைஞர்களிடம் வேலை, வருமானச் சான்றுகளைக் கூடுதலாகக் கேட்பார்கள், கோபப்பட வேண்டாம். குழு விசாவில் போனவர்கள் குழுவோடுதான் நுழைய வேண்டும், குழுவோடுதான் வெளியேற வேண்டும். துபாயில் இருக்கிற தம்பி வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே சொல்ல வேண்டும்.

பணக் கணக்கு

தாளில் போட்டிருக்கும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. ஜிஎஸ்டி, வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு நிறுவனம் உங்களிடம் முன்கூட்டியே வசூலிக்கும் டி.சி.எஸ். வரி, ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் தர வேண்டிய டிப்ஸ், தனி அறை கேட்டால் அதற்கான கூடுதல் கட்டணம், தாபோர் மலைக்கு ஏறும் சிறு வண்டி, எரிகோவில் கம்பிவட ஊர்தி, சீனாயில் ஒட்டகம் என்று வரிசையாக வரும். எது உள்ளே, எது வெளியே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டி.சி.எஸ். பணம் உங்கள் பான் எண்ணில்தான் வரவாகும். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் தனிநபர் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

இனி அரசு மானியம். எருசலேம் புனிதப் பயணம் போகும் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறது. 20,000 ரூபாயாக இருந்தது, பின்பு 37,000 ஆனது. கன்னியாஸ்திரிகளுக்கும் அருட்சகோதரிகளுக்கும் 60,000. இது பயணம் முடித்து வந்தபின் விண்ணப்பித்துப் பெறுவது, பயனாளிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 'மானியம் போக இவ்வளவுதான்' என்று விலை சொல்லும் விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்து போகும் என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

செலவுக்கு டாலர் கொண்டுபோங்கள். உரிமம் பெற்ற இடத்தில் ரசீதோடு மாற்றுங்கள். 1, 5 டாலர் தாள்கள் நிறைய இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், கழிப்பறை, ஒரு கோப்பை தேநீர் எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

கால்களையும் மனதையும் பழக்குதல்

கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே நடக்கத் தொடங்குங்கள். எருசலேமின் பழைய நகரத்துக்குள் பஸ் போகாது. படி, சரிவு, மறுபடி படி. நூற்றாண்டுகளாகக் கால்பட்டுத் தேய்ந்த கற்கள் மழைபட்டால் வழுக்கும். பயிற்சிக்கு நம் ஊரிலேயே இடம் இருக்கிறது: பரங்கிமலை. அந்தப் படிகளைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். எருசலேமில் ஆர்மீனியர் பகுதி வழியாக நடக்கும்போது அவர் நினைவுக்கு வருவார். வாரத்தில் இரண்டு முறை அந்தப் படிகளில் ஏறி இறங்குங்கள், மற்ற நாட்களில் மெரினாவில் விறுவிறுவென்று ஒரு மணி நேரம். பயணத்தில் போடப் போகிற காலணியைப் போட்டுக்கொண்டே நடங்கள். புதுக் காலணியோடு விமானம் ஏறினால் இரண்டாம் நாளே கொப்புளம்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்து, பயண நாட்களுக்கும் மேலே ஒரு வாரத்துக்கு மாத்திரை வாங்கி, சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காமல் சொல்லுங்கள்.

மனதுக்கான தயாரிப்பு இதைவிடப் பெரியது. இடத்தைப் பார்த்தபின் வாசித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முன்பே வாசித்தால் அங்கே கால் வைக்கும்போது கல்கூடப் பேசும். உபாகமம் 34 நேபோ மலைக்கு. யாத்திராகமம் 19, 20 சீனாய்க்கு. லூக்கா 1, 2 நாசரேத்துக்கும் பெத்லகேமுக்கும். மாற்கு 1, 2 கப்பர்நகூமுக்கு. மத்தேயு 5 முதல் 7 வரை மலைப்பிரசங்க மலைக்கு. யோவான் 5 பெதஸ்தா குளத்துக்கு, 18 முதல் 20 வரை எருசலேமுக்கு, 21 கலிலேயாக் கரைக்கு. அப்புறம் சங்கீதம் 120 முதல் 134 வரை உள்ள ஆரோகண சங்கீதங்கள். எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர்கள் பாடியவை அவை. எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே 250 மீட்டர் அளவில் இருக்கிறது, எருசலேம் மேலே 750 மீட்டரைத் தாண்டி. அந்த வனாந்தர மலைப்பாதையில் பஸ் ஏறும்போது குழுவாக அந்தச் சங்கீதங்களை வாசித்துப் பாருங்கள். நல்ல சமாரியன் உவமையில் வரும் மனிதன் இறங்கிப் போனதும் இந்த வழியில்தான். 'இறங்கிப்போனான்' என்று லூக்கா எழுதியது எவ்வளவு சரி என்று காதே அடைத்துக்கொண்டு சொல்லும்.

பெட்டிக்குள்

தோளும் முழங்காலும் மூடிய உடைகள். பெண்களுக்குச் சேலையைவிடச் சுடிதார் வசதி, படகிலும் படிகளிலும் காலில் சிக்காது. எந்தக் காலமானாலும் ஒரு ஸ்வெட்டர். தொப்பி, சிறு குடை, பல நாட்டுச் செருகிகளுக்கும் பொருந்தும் அடாப்டர். பருப்புப்பொடி, ஊறுகாய், முறுக்கு எடுத்துக்கொள்ளலாம், அசைவ ஊறுகாயையும் கருவாட்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சின்ன கெட்டிலும் பால்பவுடரும் காபிப்பிரியர்களுக்கு அவசியம். காரணம் இருக்கிறது: யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் பரிமாறக் கூடாது. அந்த விதியைக் கடைப்பிடிக்கும் இஸ்ரேல் ஓட்டல்களில் இரவு உணவுக்குக் கோழி இருந்தால் பால் விட்ட காபி கேட்டாலும் கிடைக்காது. பரிமாறுகிறவரோடு வாதாட வேண்டாம், அறைக்குப் போய்க் கலந்துகொள்ளுங்கள்.

விமான நிலையமும் எல்லையும்

சென்னையிலிருந்து போகும் குழுக்கள் பெரும்பாலும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி அம்மான் அல்லது கெய்ரோவில் இறங்கும். அங்கிருந்து இஸ்ரேலுக்குத் தரைவழி எல்லை. அதிகம் சோதிக்கப்படுவது அங்கேதான். பெட்டியை யார் அடுக்கியது, யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினார்களா, குழுவில் யாரைத் தெரியும், என்ன வேலை என்று கேட்பார்கள். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஒருவரிடம் கேட்கும்போது பத்துப் பேர் சேர்ந்து பதில் சொல்ல வேண்டாம். பாதுகாப்பைப் பற்றி விளையாட்டுப் பேச்சு அறவே கூடாது. யார் பார்சலையும் வாங்கிக்கொள்ளக் கூடாது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்ததாக இருந்தாலும்.

இஸ்ரேல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, ஒரு சிறு அட்டைச்சீட்டு தருவார்கள். அதைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வையுங்கள், கடைசி வரைக்கும் வேண்டும். எல்லையில் மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். பிஸ்கட், தண்ணீர், மாத்திரை கையோடு இருக்கட்டும்.

ஜோர்டானும் சீனாயும்

நேபோ மலையில் வானம் தெளிவாக இருந்தால் யோர்தான் பள்ளத்தாக்கும் சவக்கடலும் தெரியும், சில நாட்களில் எருசலேம் மலைகளும். மோசே பார்த்துவிட்டுப் போகாமல் நின்ற இடம். அவசரப்படுத்தினாலும் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்தில் மாதபா ஊரின் தேவாலயத் தரையில் 6-ஆம் நூற்றாண்டு மொசைக் வரைபடம் இருக்கிறது, அதில் எருசலேம் நகரை வாசல்களோடு அடையாளம் காணலாம். பாறையைக் குடைந்து அமைத்த பழைய நகரமான பெட்ரா அழகான இடம், ஆனால் ஒரு நாளை முழுதாக எடுத்துக்கொள்ளும். புனிதப் பயணத்தில் அந்த நாளை எருசலேமுக்குக் கொடுப்பதே என் விருப்பம்.

சீனாய் மலை 2,285 மீட்டர். நள்ளிரவுக்குப் பின் கிளம்பி விடியலில் உச்சியில் இருப்பது வழக்கம். ஒட்டகம் பாதி வழிக்கு மேல் வரை கொண்டுபோகும், கடைசியில் சுமார் 750 கற்படிகளை நடந்துதான் ஏற வேண்டும். மே மாதத்திலும் மேலே குளிரும். மூட்டுவலி, இதயநோய் உள்ளவர்கள் கீழேயே புனித கத்தரீன் மடத்தருகே இருந்து ஜெபிக்கலாம். அந்த மடமே 6-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருக்கிறது.

கலிலேயா

பயணத்தில் மனம் இளகும் இடம் எருசலேம் என்று எல்லோரும் நினைத்துப் போவார்கள். பலருக்கு அது கலிலேயாவில் நடந்துவிடும். எருசலேமில் கட்டடங்கள் மேல் கட்டடங்கள். இங்கே மலையும் தண்ணீரும் அன்று இருந்தபடியே.

கலிலேயாக் கடல் உண்மையில் நன்னீர் ஏரி. சுமார் 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம், கடல்மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கும் மேல். கரையிலிருந்தே மறுகரை தெரியும். மரப்படகில் ஏறியதும் பல படகுக்காரர்கள் நம் தேசியக் கொடியை ஏற்றி நாட்டுப்பண் ஒலிக்க வைப்பார்கள். அது முடிந்து பாட்டும் கைதட்டலும் போகும். இவற்றோடு, நடு ஏரியில் மோட்டாரை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லும்படி தலைவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புயல் அமர்ந்த பகுதியை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சும்மா இருக்கட்டும். போன் எல்லாம் பைக்குள் இருக்கட்டும். 1986-இல் வறட்சியில் நீர் இறங்கியபோது கினோசார் கரைச் சேற்றில் கிடைத்த முதல் நூற்றாண்டுப் படகை அங்கே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், 8 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். அதைப் பார்த்தபின் சீஷர்கள் எவ்வளவு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள் என்று புரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் 'பேதுருவின் மீன்' என்று முழுதாகப் பொரித்து வைப்பார்கள். நம் சந்தையில் ஜிலேபி என்று விற்கிறார்களே, அந்த வகைதான். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் நன்றாக இருக்கும், மிளகாய்த்தூள் மட்டும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

கப்பர்நகூமில் வெள்ளைக்கல் ஜெபஆலயத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அந்தக் கட்டடம் இயேசுவின் காலத்துக்குப் பிற்பட்டது. அதன் அடியில் கறுப்புக் கல் அடித்தளம் தெரிகிறதே, அது இன்னும் பழமையானது. வழிகாட்டி காட்டாவிட்டால் கேட்டுப் பாருங்கள். தப்காவில் அப்பமும் மீனும் உள்ள மொசைக் தரை, சற்றுத் தள்ளி இயேசு உயிர்த்தபின் சீஷர்களுக்குக் காலை உணவு சமைத்த கரை. அந்தக் கரையில் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு யோவான் 21-ஐ வாசிக்கலாம்.

யோர்தானில் இரண்டு இடங்கள். ஏரிக்குத் தெற்கே யார்தெனித், வசதியான படிகள், கைப்பிடி, வெள்ளை அங்கி வாடகைக்குக் கிடைக்கும். எரிகோ அருகே காசர் எல் யஹூத், நேர் எதிரே ஜோர்டான் நாட்டுப் பக்கம் அல்-மக்தாஸ். யோவான் ஸ்நானகன் ஞானஸ்நானம் கொடுத்த இடமாக மரபு சொல்வது இந்தத் தெற்குப் பகுதியைத்தான். ஆறு அங்கே சில மீட்டர்தான் அகலம், தண்ணீர் கலங்கி இருக்கும், எதிர்க்கரையில் நிற்கிறவரின் முகம் தெரியும். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள் இங்கே மறுபடி மூழ்கலாமா என்பது சபைக்குச் சபை மாறும். ஊரிலேயே உங்கள் ஐயரிடமோ பாஸ்டரிடமோ பேசி முடிவு செய்துவிடுங்கள். ஆற்றங்கரையில் நின்று விவாதிக்க நேரம் கிடைக்காது.

பெத்லகேமும் எருசலேமும்

பெத்லகேம் பிறப்பிடத் தேவாலயத்தின் வாசல் மிகத் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். கட்டடம் 6-ஆம் நூற்றாண்டில் யுஸ்தினியான் பேரரசன் காலத்தில் திரும்பக் கட்டப்பட்டது. பூமிக்கடியில் குகை, தரையில் 14 முனை வெள்ளி நட்சத்திரம். வரிசை ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும், நட்சத்திரத்தின் முன் கிடைப்பது சில நொடி. ஜெபத்தை வரிசையில் நிற்கும்போதே செய்துவிடுங்கள். அங்கிருந்து வழிகாட்டி ஒலிவமரச் சிற்பக் கடைக்கு அழைத்துப் போவார். விலை பேசலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

எருசலேமில் ஒலிவமலையிலிருந்து தொடங்குவது நல்லது. பரமண்டல ஜெபத் தேவாலயத்தின் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த ஜெபம் பதிக்கப்பட்டிருக்கிறது, தமிழும் உண்டு. தேடிப்போய் அதன் முன் நின்று சத்தமாகச் சொல்லுங்கள். அங்கிருந்து குருத்தோலைப் பாதை கீழே இறங்குகிறது, செங்குத்தான சரிவு. முழங்கால் வலிப்பவர்கள் பஸ்ஸிலேயே கெத்செமனேக்கு வந்துவிடட்டும். தோட்டத்தில் இருக்கும் ஒலிவமரங்களில் சில சுமார் 900 ஆண்டு பழமையானவை என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. இயேசுவின் காலத்து மரங்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மரத்தின் மகிமை அதனால் குறையப் போவதும் இல்லை. அருகில் உள்ள சகல தேசங்களின் தேவாலயம் 1924-இல் கட்டி முடிக்கப்பட்டது. உள்ளே வேண்டுமென்றே வெளிச்சம் குறைவு. அங்கே பேசக் கூடாது.

பெதஸ்தா குளத்துக்குப் பக்கத்தில் புனித அன்னாள் தேவாலயம் இருக்கிறது, 12-ஆம் நூற்றாண்டுச் சிலுவைப்போர் காலக் கட்டடம். அதன் கல்வளைவுகளில் குரல் சுழன்று சுழன்று திரும்பி வரும். முன்பே ஒரு பாமாலை அல்லது கீர்த்தனையைக் குழுவாகப் பாடிப் பழகி வையுங்கள், நிதானமான ராகமாக இருக்கட்டும். மைக், கீபோர்டு எதுவும் வேண்டாம். முப்பது தமிழ்க் குரல்கள் அந்தச் சுவர்களுக்குள் எழும்போது உங்கள் குழுவிலேயே யாருக்காவது பாட முடியாமல் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

சிலுவைப் பாதையில் 14 நிலைகள். கடைசி ஐந்தும் திருக்கல்லறைத் தேவாலயத்துக்குள்ளே. இது கடைத்தெரு வழியாகப் போகும் பாதை. பகலில் போனால் சட்டைக்கடைக்கும் மசாலாக்கடைக்கும் நடுவே முட்டிமோதித்தான் ஜெபிக்க வேண்டும். விடியற்காலையில் போக முடியுமா என்று உங்கள் தலைவரைக் கட்டாயம் கேளுங்கள். கடைகள் திறக்கும் முன் அந்தத் தெருக்கள் அமைதியாக இருக்கும், கல்லறைத் தேவாலயத்திலும் வரிசை குறைவு. ஒருநாள் தூக்கம் போனால் போகட்டும். பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். வழி தவறினால் எங்கே வந்து நிற்பது என்று யாப்பா வாசலையோ வேறு ஓர் இடத்தையோ முதலிலேயே பேசி வையுங்கள்.

திருக்கல்லறைத் தேவாலயம் ஆறு சபை மரபுகளின் பொறுப்பில் இருக்கிறது: கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கம், ஆர்மீனியம், காப்டிக், சீரியன், எத்தியோப்பியம். வாசலின் சாவி தலைமுறை தலைமுறையாக எருசலேமின் இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கிறது. உள்ளே விளக்கும் தூபமும் ஒரே நேரத்தில் பல வழிபாடுகளும் கலந்திருக்கும். எளிமையான சபையிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் திகைப்பாக இருக்கும். கொல்கொதாவுக்கு ஏறும் படிகள் மிகச் செங்குத்து, முதியவர்களைக் கைபிடித்து ஏற்றுங்கள். தமஸ்கு வாசலுக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டம் வேறு மாதிரி: மரம், செடி, அமைதி, குழுவாக உட்கார்ந்து திருவிருந்து எடுக்க இடம். அதற்கு முன்பதிவு வேண்டும். இரண்டில் எது உண்மையான இடம் என்று பஸ்ஸில் தர்க்கம் செய்கிறவர்கள் உண்டு. பழமையான மரபு திருக்கல்லறைத் தேவாலயத்தைத்தான் சொல்கிறது. இரண்டு இடத்துக்கும் போங்கள், இரண்டிலும் ஜெபியுங்கள்.

யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவரில் ஆண்கள் தலையை மூட வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள்: அங்கே படம் எடுக்கக் கூடாது, யூதப் பகுதியில் கடைகள் மூடியிருக்கும், ஓட்டலில் சில லிப்டுகள் ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று நின்று போகும். பழைய யூத ஆலயம் இருந்த, இப்போது அல்-அக்ஸா மசூதி உள்ள ஆலய வளாகத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் வேதாகமம் கொண்டுபோகவோ ஜெபிக்கவோ அனுமதி இல்லை. உள்ளே போனால் அந்த ஒழுங்கை மதியுங்கள்.

சவக்கடலுக்கு ஒரு வார்த்தை. அன்று காலை சவரம் செய்ய வேண்டாம். மெதுவாக மல்லாந்து படுங்கள், குப்புற விழக் கூடாது, தண்ணீரைத் தெளித்து விளையாடக் கூடாது. சாதாரணக் கடலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு, கண்ணில் பட்டால் துடித்துப்போவீர்கள். பதினைந்து நிமிடம் போதும். உடனே நல்ல தண்ணீரில் குளியுங்கள்.

குழுவுக்குள்

சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே பஸ்ஸில் இருங்கள். ஒருவர் கடையில் தாமதித்தால் நாற்பது பேரின் ஜெபநேரம் போகிறது. முன் இருக்கையைத் தினமும் மாற்றிக்கொள்ளுங்கள். தனியாக வந்திருக்கும் ஆச்சியையோ விதவைத் தாயையோ யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும்: எல்லையில் படிவம், ஓட்டலில் சாவி, இரவில் மாத்திரை. ஆண்டுக்கணக்கில் சீட்டுக்கட்டி, மகன் அனுப்பிய பணத்தைச் சேர்த்து வந்திருப்பார்கள். அவர்களுக்குக் குகைப்படி இறங்க ஒரு கை கிடைத்தால் போதும்.

திரும்பி வந்தபின்

யோர்தான் தண்ணீர், ஒலிவ எண்ணெய் எல்லாம் நன்றாக மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த வாரத்திலேயே மானிய வேலையைப் பாருங்கள். பாஸ்போர்ட் நகல், விசா, விமான டிக்கெட், போர்டிங் அட்டைகள், எல்லையில் கொடுத்த அந்தச் சிறு சீட்டு, பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். விண்ணப்பப் படிவத்தைப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறையின் இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் பணம் தர வேண்டாம். அந்த ஆண்டுக்கான அறிவிப்பில் கேட்டிருக்கும் இணைப்புகளையும் கடைசித் தேதியையும் சரிபார்த்து, சேப்பாக்கம் கலசமகாலில் உள்ள சிறுபான்மையினர் நல ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்பும் முன் எல்லாத் தாளுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.